பசியின்மையும் உடல் மெலிவும்

உடற்பருமன் குறித்து அதிகம் பேசப்படுகின்ற இக்காலத்தில், உண்ண மனமின்றி மெலிந்து செல்வோரை எவரும் பொருட்படுத்துவதில்லை. "சாப்பிடு, சாப்பிடு" என வற்புறுத்துவதோடு வீட்டாரின் அக்கறை நின்றுவிடுகின்றது.

வற்புறுத்தலால் பசி பிறப்பதில்லை. நிரம்பிய சோற்றுக்கோப்பையைக் கண்டாலே மலைப்பவருக்கு, உணவின் அளவைக் கூட்டுவதிலும் ஒவ்வொரு கவளத்தினதும் சத்தைக் கூட்டுவதே பயன்தரும். ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரியையே தருகின்றது. கொழுப்போ 9 கலோரி. எனவே கஞ்சியில் தேங்காய்ப்பால், உழுத்தங்களியில் நல்லெண்ணெய், இடையிடையே முட்டை, கச்சான், பேரீச்சம்பழம் என நாளொன்றுக்கு ஐந்தாறு தடவைகள் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நீரிழிவு, இருதய நோய் உடையோர் மட்டும் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. உணவுக்குச் சற்று முன்னர் அருந்தும் தேநீர் இருக்கின்ற பசியையும் கெடுத்துவிடுகின்றது; நம்மவர் அதனைக் கைவிடுவார்கள் என்ற நம்பிக்கை எமக்கில்லை.

முயலாமலே நிறை குறைவதென்பது வேறு விடயம். ஓராண்டுக்குள் 60 கிலோ நிறையுடையவர் 3 கிலோவுக்கு மேல் இழந்தால் காலங்கடத்தலாகாது. காசநோய், நீரிழிவு, தைரொயிட் மிகைச்சுரப்பு, மனச்சோர்வு, புற்றுநோய் என எதுவும் அதன் பின்னே மறைந்திருக்கலாம். இந்நிலையில் சத்து மாவையும் 'ரொனிக்'கையும் மாற்றி மாற்றி வாங்குவது வீண்செலவு. உடலைப் பெருக்குமென விற்கப்படும் பெயரறியா மாத்திரைகள் அதனிலும் ஆபத்தானவை. அத்தகைய சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. அதனால் கூடுவது பெரும்பாலும் நீரும் கொழுப்புமே. அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகின்றது.