வயர் கருகும் வாடை

22 வருடமாக மதுரையில் கார் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். பானெட்டைத் திறந்ததும் கருகல் வாடை வந்தால், என் கை முதலில் தேடுவது பிறகு சேர்த்த ஒட்டு வயரைத்தான். கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன். ரிலேயும் இருக்காது, ஃபியூஸும் இருக்காது. போன மாதம் வந்த ஒரு பெட்ரோல் காரில் எலி கடித்த வயர், அதற்கு நாலு விரல் தள்ளி வெடிப்பு விட்ட பெட்ரோல் ஹோஸ். குழந்தைகளோடு கொடைக்கானல் போய்த் திரும்பிய வண்டி அது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மின்சாரக் காரில் நெருப்பு வேறு வழியில் வரும். செவ்ரோலே போல்ட் கார்கள் அத்தனையையும் ஜெனரல் மோட்டார்ஸ் 2021-இல் திரும்ப அழைத்தது. பேட்டரியின் ஒரே செல்லுக்குள் இரண்டு குறைகள்: கிழிந்த ஆனோடு முனை, மடிந்துபோன பிரிப்புத் தாள். இரண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஒரு செல் கொதித்து அடுத்ததைக் கொதிக்க வைக்கும். அணைந்த மாதிரி இருந்து, பல மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றும். அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பேட்டரி குளிர வேண்டும். பழுது நீக்கும்வரை 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்று போல்ட் வைத்திருந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

புகை கண்டால் வண்டியை ஓரங்கட்டி, எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டை மட்டும் திறக்காதீர்கள்; காற்றுப் பட்டால் தீ எழும்பும்.