1.7 லிட்டர் கணக்கு

வண்டியோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் கைக்கு வந்தது. உள்ளே ஐந்து பில்கள். 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., ஓட்டம் 58,200 கி.மீ. விற்றவர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. "ஆயில் கொஞ்சம் குடிக்குமுங்க. டர்போ வண்டியாச்சே" என்று அவராகவே சொன்னார். அன்றிரவு அந்த உறையைப் பிரித்து, பில்களைத் தேதிவாரியாக மேசையில் அடுக்கினேன்.

31,400 கி.மீ.: இன்ஜின் ஆயில் 4 லிட்டர். 31,950: டாப்-அப் 1 லிட்டர். 47,100: மறுபடியும் 4 லிட்டர். 47,600: டாப்-அப் 1 லிட்டர். 52,300: டாப்-அப் அரை லிட்டர்.

இந்த 2.0 டி.எஸ்.ஐ. இன்ஜினுக்கு, ஃபில்டரும் மாற்றும்போது, 5.7 லிட்டர் வேண்டும். நாலு லிட்டர் ஊற்றினால் 1.7 லிட்டர் குறைவு. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடைவெளி சுமார் ஒரு லிட்டர்தான். அப்படியென்றால் சர்வீஸ் முடிந்து வெளியே வந்த அன்றே ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றிருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்குள் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும், ஒரு லிட்டர் வாங்கி ஊற்றியிருப்பார்கள். இரண்டு முறையும் இதே கதை. வண்டி குடித்ததாகச் சொல்லப்பட்ட ஆயிலில் பெரும்பங்கு முதலில் ஊற்றப்படவே இல்லை.

கோவையில் நான் நம்பிப் போகும் மெக்கானிக்கிடம் பில்லைக் காட்டினேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "கேனு நாலு லிட்டர்ல தானுங்க வருது. ஒரு கேனை ஊத்தி மூடிருவாங்க. சின்ன காருக்கு அது போதும், இதுக்குப் போதாதுங்க."

பழைய ஆயிலை அளவுக்கோடு போட்ட கேனில் வடித்தோம். 4.6 லிட்டர் வந்தது. 47,100-க்குப் பிறகு உள்ளே போனது மொத்தம் 5.5 லிட்டர். குறைந்தது 0.9 லிட்டர், ஓடியது 11,100 கி.மீ. ஆயிரம் கிலோமீட்டருக்கு 80 மில்லி. வடிக்கும்போது கொஞ்சம் உள்ளேயே ஒட்டி நிற்கும் என்பதால் உண்மை இதைவிடவும் குறைவாக இருக்கலாம். ஓட்டும் விதத்தைப் பொறுத்து ஆயிரத்துக்கு அரை லிட்டர் வரை செலவாகலாம் என்கிறது ஸ்கோடா கையேடு. அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை இது. பாவம், நல்ல இன்ஜினுக்குக் கெட்ட பெயர்.

இனி எந்த ஆயில் என்ற கேள்வி. கேனில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் வி.டபிள்யூ. 502 00 அல்லது 504 00 என்ற எண்ணைத்தான் முதலில் தேட வேண்டும். காரணத்தை எண்ணிலேயே சொல்லிவிடலாம். 100 டிகிரியில் 40 ரக ஆயிலின் பாகுநிலை 12.5 முதல் 16.3 வரை, 30 ரகத்துக்கு 9.3 முதல் 12.5 வரை. ஆனால் டர்போவின் தண்டும் கிராங்க் பேரிங்கும் ஆயிலைப் பிழிந்தெடுக்கும் இடத்தில் நிலைமை வேறு. அதற்கான சோதனை 150 டிகிரியில், வேகமாக அரைத்தபடி நடக்கிறது. சாதாரண 5டபிள்யூ-30 அங்கே 2.9 காட்டினால் தேர்ச்சி. 502-க்கும் 504-க்கும் குறைந்தது 3.5 வேண்டும். கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு 5டபிள்யூ-30 கேன்கள், சூட்டில் இரண்டு வேறு ஆயில்கள். 0டபிள்யூ-20 ரகத்தில் வரும் 508 00-க்கு 2.6 போதும், அது அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின்களுக்கு உரியது, இதில் ஊற்றக் கூடாது.

502-ஆ, 504-ஆ என்று கேட்டால் என் ஓட்டு 502 முத்திரை உள்ள 5டபிள்யூ-40-க்கு. 504 சாம்பல் குறைந்த ஆயில், 0.8 சதவீதத்துக்குள். புகைபோக்கியில் துகள் வடிகட்டி உள்ள வண்டிக்கு அது கட்டாயம். இதில் அந்த வடிகட்டி கிடையாது. 502 ஆயிலில் அமிலத்தை முறிக்கும் காரச்சத்து பொதுவாகக் கூடுதல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வரும்வரை நம் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தது, இப்போது 10 பங்கு. ஆகவே 504 ஊற்றினாலும் இன்று தப்பில்லை. பிராண்டுச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. முத்திரை சரியாக இருந்து, கேன் போலியாக இல்லாமல் இருந்தால் போதும்.

செலவுக்கு வருகிறேன். 4 லிட்டர் கேன் 3,640 ரூபாய், ஒரு லிட்டர் கேன் இரண்டு 1,980. ஃபில்டர் 1,050, வாஷரும் சீலும் 130, கூலி 900. மொத்தம் 7,700 ரூபாய். ஆறு லிட்டர் வாங்கியதில் 300 மில்லி மிச்சம்.

கம்பெனிக் கணக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. நான் 7,500-இல் மாற்றுகிறேன். 15,000-க்கு இழுத்தால் கிலோமீட்டருக்கு 51 பைசா, 7,500-இல் மாற்றினால் 1 ரூபாய் 3 பைசா. கூடுதல் செலவு 52 பைசாவுக்குள். இதே வண்டி லிட்டருக்கு 10.4 கி.மீ. தருகிறது, பெட்ரோல் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 9 ரூபாய் 71 பைசா. பெட்ரோலுக்குக் கொட்டுவதில் இருபதில் ஒரு பங்கை ஆயிலுக்குக் கூடுதலாக வைப்பதில் என்ன கஞ்சத்தனம்? டர்போ போனால் லட்சத்தைத் தாண்டும். அவினாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டிருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஆயில் சூடு 112 டிகிரி காட்டியது. காலையில் கிளப்பினால் கூலன்ட் 90-ஐத் தொட்ட பிறகும் ஆயில் 60-இலேயே நிற்கும். அதுவரை ஆக்சிலரேட்டரை அமுக்காமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

பில்களில் ஒரு வரி இல்லவே இல்லை: கியர்பாக்ஸ் ஆயில். "டி.எஸ்.ஜி.க்கு ஆயில் மாத்த வேண்டியதில்லை" என்று பலர் சொல்வார்கள். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டிக்கு அந்தப் பேச்சு பொருந்தும். இதில் இருப்பது ஆறு கியர், கிளட்சே ஆயிலில் முங்கிக் கிடக்கும் ரகம். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதையும் கையோடு செய்தோம். வடித்து ஊற்றும் அளவு சுமார் 5.2 லிட்டர், வாங்கியது 6. ஆயில் 11,100, ஃபில்டர் 2,400, சீல் 250, கூலி 3,800, ஆக 17,550 ரூபாய். பார்க்கப் பெரிய தொகை. 60,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 29 பைசா. இதில் டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓட, ஆயில் சூடு 35-க்கும் 45-க்கும் இடையில் இருக்கும்போது, அடியிலுள்ள குழாய் வழியே மிகுதி வழிந்து சொட்டுச் சொட்டாக அடங்க வேண்டும். மெக்கானிக் லேப்டாப்பில் சூட்டைப் பார்த்தபடி காத்திருந்து, 41-இல் போல்ட்டை இறுக்கினார்.

நாலு ஸ்பார்க் பிளக் 5,400, ஏர் ஃபில்டர் 1,250, ஏ.சி. ஃபில்டர் 850, பிரேக் ஆயில் கூலியோடு 1,600. எல்லாம் சேர்த்து 34,350 ரூபாய். 2017-இல் 24.62 லட்சம் ஷோரூம் விலைக்கு அறிமுகமான, 230 குதிரைத்திறன் வண்டிக்கு இந்தத் தொகை நியாயம் என்றே நினைக்கிறேன். வாங்கும் விலையோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

5,000 கி.மீ. ஓடிய பின், சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு ஏற்ற 400 மில்லி பிடித்தது. மறுபடியும் ஆயிரத்துக்கு 80 மில்லி. மிச்சமிருந்த 300-உம் புதுக் கேனிலிருந்து 100-உம். மீதி 900 மில்லி, துணி சுற்றி, டிக்கியில் இருக்கிறது. இந்த முறை பில்லில் மெக்கானிக்கையே எழுதச் சொல்லி வாங்கினேன்: 58,200 கி.மீ., 5.7 லி., 502 00, அடுத்தது 65,700. பழைய ஐந்து பில்களுக்கு மேல் அதை வைத்து உறையை மூடினேன்.