மார்கழிப் பனியும் துப்பாக்கிக் கட்டையும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளும் ஏறிக் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? தலை சுற்றல் நின்று கண்ணைத் திறந்தால் மிளகுக் கொடியும் பலாவும் காப்பித் தோட்டமுமாக வேறோர் உலகம். மலைமேல் 14 நாடுகள். அவற்றில் ஒன்று அரியூர் நாடு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று சங்கப் புலவர் பாடினாரே, அந்த வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் கையில் இருந்தது வில். பிற்காலத்தில் பயிர்க் காவலுக்கென்று வந்து சேர்ந்தது துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு வர்ணம் அடிப்பது பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேசப் போகிறேன். உங்களிடம் உரிமம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நீங்கள் படிக்க வேண்டியது இந்தக் கட்டுரை அல்ல; 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம்!

மார்கழி மாதம். கட்டை வெளிறிக் கிடக்கிறது. கடையில் வாங்கிய ஸ்பிரே டப்பா கையில் இருக்கிறது. வாசலில் வைத்து அடிக்கலாம் என்றால் மூடுபனி. போதாக்குறைக்குத் தெருவே வேடிக்கை பார்க்கும். ஆகவே உள்ளே எடுத்துப்போய், குளிருக்கு அடக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, 'பத்து நிமிஷ வேலைதானே' என்று ஆரம்பிக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் உங்கள் கையைப் பிடித்து நிறுத்த ஆசைப்படுகிறேன்.

முதலில் சின்ன நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அடித்த வர்ணம் பளபளப்பதற்குப் பதில் பால் தெளித்தாற்போல் வெளுத்துப் போகும். தச்சர்கள் மேஜை நாற்காலிக்கு அடிக்கும் லாக்கரிலும் மழைக்காலத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். வர்ணத்தில் கலந்த தின்னர் விர்ரென்று ஆவியாகிறது. ஆவியாகிற எதுவும் சூட்டை உறிஞ்சிக்கொண்டுதான் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தானே! கட்டையின் மேற்பரப்பு சில்லிட்டதும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிந்து வர்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. குற்றவாளி குளிர் மட்டும் அல்ல, ஈரமுந்தான். ஈரக் கட்டையின்மேல் அடித்தால் இன்னொரு தொல்லை: மரத்துக்குள் அடைபட்ட நீர் வெளியேற வழி தேடும்போது வர்ணம் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும்.

பெரிய அபாயம் வேறு. லாக்கர் வகைகளில் பெயர்பெற்றது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920-களில் அமெரிக்கக் கார்களுக்கு அடிக்க வந்த 'டூகோ' அந்த இனம். கார் பட்டறையில் 'டூகோ அடிப்பது' என்று இன்றும் சொல்கிறார்களே, அந்தப் பெயர்தான். பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடும் கந்தக அமிலத்தோடும் சேர்த்தால் கிடைக்கும் சரக்கு இது. 1846-இல் ஷான்பைன் என்ற ரசாயனப் பேராசிரியர் இதை வெடிக்கும் பஞ்சாக உலகுக்கு அறிவித்தார். அதிலிருந்துதான் புகையில்லா வெடிமருந்து பிறந்தது. நம் நீலகிரியில் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை கார்டைட் செய்ததும் இந்தப் பஞ்சை வைத்துத்தான். ஆக, தோட்டாவுக்குள் இருப்பதும் கட்டையின்மேல் மினுங்குவதும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்! அக்ரிலிக் டப்பாதான் வாங்கினேன் என்று நிம்மதி அடையாதீர்கள். வர்ணத்தை வெளியே தள்ளுவதற்குப் பல டப்பாக்களில் அடைத்திருப்பது நம் சமையல் காஸின் இனத்தைச் சேர்ந்த வாயுவேதான்.

அந்த வாயுவும் தின்னர் ஆவியும் காற்றைவிடக் கனமானவை. ஜன்னல் வழியே மேலே பறந்து போய்விடாது. தரையோடு தரையாக ஊர்ந்து பக்கத்து அறைக்குப் போகும். பக்கத்து அறையில் என்ன இருக்கிறது? தரையில் அடுப்பு, அதன் அருகே போர்வைக்குள் சுருண்டிருக்கும் குழந்தைகள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்கிறவர்களும் உண்டு. துண்டு தூசியை நிறுத்துமே தவிர ஆவியை நிறுத்தாது. குளிரில் டப்பா சரியாகப் பீச்சவில்லை என்று அடுப்போரம் வைத்துச் சூடேற்றுகிற சாமர்த்தியத்தை என்னவென்பது! 50 டிகிரிக்கு மேல் சூடு கூடாதென்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

'பின்னே என்னதான் செய்வது?' என்கிறீர்கள். மாசி பங்குனி வெயில் வரட்டும். திறந்த வெளியில் தாராளமாக அடிக்கலாம். அதுவரை பொறுக்காதென்றால் ஸ்பிரேயை மறந்துவிட்டு ஆளிவிதை எண்ணெய்க்கு வாருங்கள். வர்ணக் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டால் தருவார்கள். மாணவப் பருவத்தில் என்.சி.சி.யில் 303 துப்பாக்கியைத் தோளில் தாங்கி நடந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டைகளில் வர்ணம் கிடையாது, ஊறியிருந்தது எண்ணெய்.

கையில் எடுக்குமுன் ஒன்று. முன்வாய் வழியே மருந்து இடும் துப்பாக்கியானால், உள்ளே மருந்து இருப்பது பார்த்தால் தெரியாது. கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது அடிவரை போகிறதா என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். பிறகு பழைய பூச்சை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தெடுங்கள். பூச்சு இருந்தால் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. நாலே சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேயுங்கள். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. குளிரில் ஒவ்வொரு பூச்சும் காய நாளாகும். ஆனால் வெளுக்காது, உரியாது.

துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் அடையாளங்களையும் உப்புத்தாள் தொடவே கூடாது. அவற்றை அழிப்பதும் மாற்றுவதும் குற்றமென்று அதே 1959-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. தச்சு வேலை தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துச் செய்யலாமே என்றும் நினைக்காதீர்கள். துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் தனி உரிமம் உண்டு.

கடைசியாகத் துடைத்த துணி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1991 பிப்ரவரி 23-ஆம் தேதி 38 மாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து, தீயணைக்கப் போன வீரர்கள் மூன்று பேர் மாண்டார்கள். மரப்பலகைக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள், நெருப்பில்லாமலே தாமாகச் சூடேறிப் பற்றிக்கொண்டனவாம். இந்த எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துத்தான் காய்கிறது. அப்போது சூடு பிறக்கும். சுருட்டிப் போட்ட துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஆகவே வேலை முடிந்ததும் துணியை மூலையில் எறியாமல் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, வாசலில் கல்லின்மேல் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள்.