பழைய மெட்டு, புதுத் தொண்டை

(பட்டிமன்றத் தலைப்பு: பழைய பாட்டை மறுபடி பாடுவது கலையா? நகலா? நடுவரின் முடிவுரை)



இரண்டு அணியும் வெளுத்து வாங்கிவிட்டார்கள். நகல் அணியில் கடைசியாகப் பேசிய தம்பி, "பழைய பாட்டை மறுபடி பாடறது நேத்து வச்ச குழம்பை இன்னிக்குச் சுட வைக்கிறது" என்று ஒரு போடு போட்டார். நல்ல உவமைதான். ஆனால் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். வத்தக்குழம்பு மறுநாள்தான் ருசி! (சிரிப்பு)

சரி, தீர்ப்புக்கு வருவோம். தீர்ப்புச் சொல்ல நம்ம ஊர்ப் பாட்டை எடுத்தேன் என்றால் ஆபத்து. எம்.எஸ்.வி. கட்சி, இளையராஜா கட்சி என்று பிரிந்து, இந்த அரங்கத்தில் ஒரு நாற்காலி முழுசாக வீடு திரும்பாது. அதனால் வெளியூர் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வாதிக்கும் பிரதிவாதிக்கும் நாம் சொந்தக்காரர்கள் இல்லை. நிதானமாக விசாரிக்கலாம்.

என் மகள் அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்ற ஊரில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஒருநாள் காரில் போகும்போது மகள் ஒரு பாட்டுப் போட்டாள். பியானோ, வயலின், டிரம்பெட், கூடவே கையால் தட்டுகிற முரசு. கேட்டால் அறுபது வருஷத்துக்கு முந்தைய சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறது. "இது எந்தக் காலத்துப் பாட்டும்மா?" என்றேன். "இந்த ஊர்க் குழுதான்ப்பா. பிங்க் மார்ட்டினின்னு பேரு" என்றாள். மார்ட்டினி என்பது ஒரு மதுபானத்தின் பெயர் என்று தெரிந்ததும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாட்டுக் கேட்டதற்கே அந்தப் பார்வை. (சிரிப்பு)

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார். "மாமா, இது ஹோட்டல் லிஃப்ட்டுல போடற பாட்டு மாமா. உங்க பொண்ணுக்கு மட்டும் இது சங்கீதம்." அவ்வளவுதான், பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது. நடுவர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் புரிந்தது ஒன்று: இது அந்த ஒரு காரில் நடக்கிற சண்டை இல்லை. அந்தக் குழுவைக் கேட்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

முதலில் வழக்கின் வரலாற்றைச் சொல்கிறேன். 1950களிலும் 60களிலும் அமெரிக்க ஹோட்டல்களில், விருந்தினர்கள் உட்கார்ந்து பேசுகிற கூடத்தில் மெதுவாக வாசிப்பார்கள். அதற்குத்தான் லவுஞ்ச் இசை என்று பெயர். பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத சங்கீதம். நம்ம ஊர்க் கல்யாண ரிசப்ஷன் கச்சேரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். என்ன, நம்ம கச்சேரி பேச்சுக்கு இடைஞ்சலாகவும் இருக்கும். பிறகு ராக் வந்தது, அந்த இசை ஒதுங்கிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் போர்ட்லண்டுக்குப் பக்கத்துப் பெருநகரமான சியாட்டிலிலிருந்து, கிட்டார் அலற, தொண்டை கிழியப் பாடுகிற கிரன்ஜ் இசை உலகத்தையே ஆட்டிப் படைத்தது. அந்தச் சத்தத்துக்கு எதிர்வினை மாதிரி, அதே காலத்தில் சில இளைஞர்கள் தாத்தா காலத்து லவுஞ்ச் இசையைத் தேடிப் போனார்கள்.

அவர்களில் ஒருவர்தான் தாமஸ் லாடர்டேல். ஹார்வர்டில் படித்தவர். பியானோ வாசிப்பார். ஆனால் அரசியலுக்குப் போய் மேயர் ஆக வேண்டும் என்று ஆசை. 1994-இல் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு எதிராக ஆரிகனில் வாக்கெடுப்புக்கு வந்த ஒரு தீர்மானத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். அரசியல் கூட்டங்களில் வாசிக்கிற சங்கீதம் சகிக்கவில்லை என்று தானே ஒரு குழுவைத் தொடங்கினார். மேயர் ஆகவில்லை, குழு நிலைத்துவிட்டது. அடுத்த வருஷம் ஹார்வர்டில் தன்னோடு படித்த சைனா ஃபோர்ப்ஸ் என்ற பாடகியைக் கூப்பிட்டார். பேர்தான் சைனா, பிறந்தது அமெரிக்காவில்.

1997-இல் முதல் தொகுப்பு வந்தது. தொகுப்பின் பெயரைக் கொண்ட பாட்டு பிரெஞ்சு மொழியில். எழுதிய இரண்டு பேரும் அமெரிக்கர்கள்! வேலைக்குப் போக மனசில்லை என்று ஒரு பெண் அலுத்துக்கொள்கிற பாட்டு. பிரான்சில் பெரிய வெற்றி. அந்த நாட்டின் பெரிய இசை விருதுக்கான பட்டியலிலும் இடம் பிடித்தது. வேலைக்குப் போக மனசில்லை என்பது எந்த மொழியில் சொன்னாலும் எல்லாருக்கும் புரிகிறது பாருங்கள். (கைதட்டல்)

அதற்கப்புறம் ஸ்பானிஷ், இத்தாலி, ஜப்பான் என்று இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடினார்கள். சொந்தமாகவே ஒரு இசைத்தட்டு நிறுவனம். அதன் பெயர் ஹைன்ஸ். லாடர்டேல் வளர்த்த நாயின் பெயர் அது.

இப்போது எதிர்க்கட்சி வாதம். மாப்பிள்ளை மூன்று குற்றம் சாட்டினார். மூன்றிலும் சத்து இருக்கிறது, அதனால் தட்டிக் கழிக்காமல் சொல்கிறேன்.

ஒன்று, இதில் சொந்தச் சரக்கு எங்கே? அந்தப் பிரெஞ்சுப் பாட்டிலேயே அப்போலினேர் என்ற கவிஞரின் வரி கலந்திருக்கிறது. இன்னொரு பாட்டுக்குள் ஷோப்பனின் பியானோ இசை இருக்கிறது.

இரண்டு, இது எந்தக் காலத்துக்கு ஏக்கம்? 1962-இல் ஐக்கிய நாடுகள் சபைக்கென்று ஒரு வாத்தியக் குழு இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும், அப்படித்தான் தன் குழு இருக்க வேண்டும் என்று லாடர்டேல் சொல்வது வழக்கம். மாப்பிள்ளை கேட்கிறார்: "1962-ல தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்களை நிம்மதியா ஓட்டுப் போட விட்டாங்களா மாமா? ஓட்டுரிமைச் சட்டமே 1965-லதானே வந்துச்சு? அந்தக் காலத்துல அப்படி என்ன அழகு?"

மூன்று, அந்தப் பாடகி. "சுத்தமாப் பாடறாங்க, சுருதி பிசகல. ஆனா அழவே மாட்டேங்கறாங்க. இஸ்திரி போட்ட குரல் மாமா!"

பின்சீட்டிலிருந்து இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அப்போது மகள் இன்னொரு பாட்டைப் போட்டாள். அங்கேதான் எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது.

"கே செரா செரா" என்று ஒரு பாட்டு. 1956-இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் டோரிஸ் டே பாடியது. ஆஸ்கர் வாங்கிய பாட்டு. இங்கே இருக்கும் பெரியவர்கள் இந்நேரம் மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருப்பீர்கள். ஏனென்றால் மறு வருஷமே, 1957-இல், நம்ம "ஆரவல்லி" படத்தில் அந்த மெட்டு தமிழாகிவிட்டது. ஜிக்கியும் ஏ.எம்.ராஜாவும் பாடினார்கள். நான் என் அம்மா மடியில் கேட்ட தாலாட்டே அதுதான். நாளைக்கு நான் என்ன ஆவேன் என்று குழந்தை கேட்கிறது. நடப்பது நடக்கும் என்று தாய் சொல்கிறாள். சிரித்துக்கொண்டே கேட்கிற பாட்டு.

அதே பாட்டை பிங்க் மார்ட்டினி முதல் தொகுப்பிலேயே பாடியிருக்கிறது. எப்படித் தெரியுமா? வேகத்தைக் குறைத்து, இருட்டில் தனியாகச் சுற்றுகிற ராட்டினம் மாதிரி. கேட்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. நடப்பது நடக்கும் என்றால் நல்லது மட்டுமா நடக்கும் என்று ஒரு பயம் வருகிறது. "பாத்தீங்களா, பாட்டைக் கெடுத்துட்டாங்க" என்றார் மாப்பிள்ளை.

நான் யோசித்தேன். அந்தப் படத்தில் அந்தப் பாட்டு எங்கே வருகிறது? முதலில் ஹோட்டல் அறையில் பிள்ளையோடு சந்தோஷமாகப் பாடுகிறாள் தாய். பிறகு அந்தப் பிள்ளையைக் கடத்திவிடுகிறார்கள். ஒரு தூதரக மாளிகையில் அவனை மறைத்து வைத்திருக்கிறார்கள். தாய் அங்கே விருந்தாளியாகப் போய், பியானோ முன்னால் உட்கார்ந்து, மாடியில் இருக்கிற பிள்ளையின் காதில் விழ வேண்டுமே என்று அதே பாட்டை உரக்கப் பாடுகிறாள். அங்கே அது தாலாட்டு இல்லை ஐயா, பெற்ற வயிற்றின் கூப்பாடு! நாற்பது வருஷமாக நாம் எல்லாரும் சந்தோஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பயத்தை மறந்துவிட்டோம். இந்தக் குழு அந்தப் பயத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது. இது நகலா?

தமிழ் வாத்தியார் என்பதால் ஒன்று சொல்கிறேன். தொல்காப்பியர் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரித்தார். வழிநூல் என்றால் மட்டம் என்று அவர் சொல்லவில்லை. தொகுக்கலாம், விரிக்கலாம், இரண்டும் செய்யலாம், மொழிபெயர்க்கலாம் என்று நான்கு வழி வகுத்துக் கொடுத்தார். கம்பன் செய்தது என்ன? வால்மீகிக்கு வழிநூல்தானே! கம்பனை நகல் எடுத்தவன் என்று சொல்ல இந்த அரங்கத்தில் யாருக்காவது தைரியம் உண்டா? (கைதட்டல்) ஆகவே முதல் குற்றச்சாட்டு தள்ளுபடி.

இரண்டாவது குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்ய மாட்டேன். பழைய காலத்தின் சட்டையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துக் கண்ணீரை விட்டுவிட்டு வருவது தப்புதான். பழமையை நேசிக்கிறவர்கள் எல்லாரும், நான் உட்பட, காதில் போட்டுக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை அது. மாப்பிள்ளைக்கு அரை மதிப்பெண் கூடவே கொடுக்கிறேன். பெண்ணைக் கொடுத்தாச்சு, மதிப்பெண்ணா பெரிசு!

மூன்றாவது, அந்தப் பாடகியின் குரல். இங்கே கொஞ்சம் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2011-இல் சைனா ஃபோர்ப்ஸுக்குக் குரல்நாணில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. பாடகிக்கு அதைவிடப் பெரிய பயம் ஏது? ஒத்துக்கொண்ட கச்சேரிகள் வாசலில் நிற்கின்றன. ஸ்டார்ம் லார்ஜ் என்ற பாடகியை அழைத்தார்கள். வாஷிங்டனில் கென்னடி மையத்தில் மேடையேறினார். இவர் வேறு ரகம். ராக் பாடி வளர்ந்தவர், நாடக மேடை அறிந்தவர். பேருக்கேற்ற மாதிரி புயல்தான். கேட்கிறவர்கள் மறுபடி பிரிந்தார்கள். "இப்பத்தான் குழுவுக்கு உயிர் வந்துச்சு" என்றது ஒரு கூட்டம். "அந்த அமைதி போச்சே" என்றது இன்னொரு கூட்டம்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. போனால் போகிறது என்று மிளகுப் பாலும் மிட்டாயுமாக இரண்டு மாதம் ஓட்டினேன். குரல்நாணில் தடிப்பு, ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் சிலேட்டு வாங்கி எழுதிக் காட்டினேன். என் மனைவிக்கு அந்த ஆறு வாரமும் பொற்காலம். (சிரிப்பு) எனக்கு அப்படி இல்லை. நான் ஒத்துக்கொண்ட மேடையில் வேறொருவர் நடுவராக உட்கார்ந்தார். நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். பிரமாதமாகப் பேசினார். மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "சார், உங்களவிட அவரு நல்லாப் பேசறாரு." பதில் சொல்லக்கூட எனக்குக் குரல் இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. குரல் போனால் நான் யார் என்று முதல்முறையாகப் பயந்தேன்.

அதற்கப்புறம்தான் ஒன்று புரிந்தது. அவர் நன்றாகப் பேசியதால் என் பேச்சு பொய்யாகிவிடவில்லை. சத்தமாக அழுதால்தான் துக்கம் என்று சட்டம் உண்டா? சாவு வீட்டில் மாரடித்து அழுகிறவர்களும் உண்டு. ஓரமாக நின்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிற மூத்த மகளும் உண்டு. இரண்டு பேருக்கும் துக்கம் துக்கம்தான். ஃபோர்ப்ஸின் குரல் அந்த மூத்த மகள். அடக்கித் தருகிறார். மீதியைக் கேட்கிறவர்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பிக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு அது லிஃப்ட் பாட்டு. சிகிச்சை முடிந்து குரல் திரும்பிய பிறகு அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? யாரையும் அனுப்பவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் பாடினார்கள். ரசிகர்கள் சண்டை போட்டார்கள். மேடைக்கு அந்தச் சண்டை போகவில்லை.

இனித் தீர்ப்பு. கலையா நகலா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு தராசுதான். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு மூலப் பாட்டைத் தேடிப் போக வேண்டும் என்று தோன்றுகிறதா? தோன்றினால் கலை. இதுவே போதும், பழசு எதற்கு என்று தோன்றினால் நகல்.

லாடர்டேல் போர்ட்லண்டில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில், அட்டைப்படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு தட்டை எடுத்தார். அது சவோரி யூகி என்ற ஜப்பானியப் பாடகியுடையது. 1969-இல் அவர் தம் நாட்டில் பெரும் புகழ் பெற்றவர். தட்டிலிருந்து ஒரு பாட்டை எடுத்துத் தன் குழுவில் பாடவைத்தார். அதோடு நிற்கவில்லை. அந்த அம்மாவையே தேடிப் பிடித்து, 2011-இல் அவரோடு சேர்ந்து ஒரு முழுத் தொகுப்பே வெளியிட்டார். அதற்குப் பெயரும் "1969". ஜப்பானில் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. நகல் எடுக்கிறவன் மூலத்தை மறைப்பான். இவர் மூலத்தை மேடைக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டார். ஆகவே, பழைய பாட்டை இப்படி மறுபடி பாடுவது கலையே! கலையே! (பலத்த கைதட்டல்)

நகல் அணித் தம்பி வருத்தப்படக் கூடாது. நீங்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கிற வரைக்கும்தான் பாடுகிறவர்கள் ஒழுங்காகப் பாடுவார்கள்.

கடைசியாக ஒன்று. அன்று ராத்திரி மாப்பிள்ளை தனியாகத் தன் அறையில் உட்கார்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் "ஆரவல்லி" பாட்டு! "மாமா, இது தமிழ்ல இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றார். நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நாளைக்கு யாராவது ஒரு புதுத் தொண்டையில் அது மறுபடி பிறக்கட்டும்.