காலடியில் வாழும் தமிழ்

கொச்சி நகரின் தெற்கே, காயல் நீர் சூழ்ந்து கிடக்கும் ஊர் கும்பளங்கி. சீன வலைகளையும் இறால் வயல்களையும் காண வெளியூரார் பலர் அங்கே செல்கின்றனர். ஆனால் அந்தக் கடலோர வட்டாரத்தில் தமிழ் மக்கள் செவிசாய்த்துக் கேட்கத்தக்கது ஒன்றும் உண்டு. அதுவே சவிட்டு நாடகம்.

லத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்க மக்கள் வளர்த்த கலை இது. தேவாலயத் திருவிழாக் காலத்தில், திறந்த வெளியில் மரப்பலகைகளால் உயர்ந்த மேடை அமைப்பார்கள். ஊரார் அனைவரும் காண்பதற்குரிய பொது விருந்து அது. செண்டையும் இலைத்தாளமும் முழங்க, மேலைநாட்டு வேந்தரைப் போல முடியும் வாளும் தரித்த நடிகர்கள் பாடிக்கொண்டே ஆடுவார்கள். பிற்காலத்தில் ஆர்மோனியமும் பிடிலும் வந்து சேர்ந்தன. ஆயினும் தலைமையான வாத்தியம் பலகையே. ‘சவிட்டு’ என்றால் மிதித்தல். தமிழிலும் ‘சவட்டுதல்’ என்ற சொல் அப்பொருளில் உண்டு. பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் பாதங்கள் பலகையில் பதில் சொல்லும்.

போர்ச்சுகீசியர் கொச்சியில் கோட்டை கட்டியது 1503ஆம் ஆண்டில். டச்சுக்காரர் அவர்களிடமிருந்து நகரைக் கைப்பற்றியது 1663இல். இவ்விடைக் காலத்தில் ஐரோப்பிய வீரக் கதைகள் இக்கரைக்கு வந்தன. அவற்றுள் முதன்மையானது, கி.பி. 800இல் ரோமாபுரியில் முடிசூடிய சார்லிமேன் பேரரசரின் கதை. அதுவே இங்கே ‘காறல்மான் சரித’மாயிற்று. முழுக் கதையையும் ஆடி முடிக்கப் பல இரவுகள் வேண்டியிருந்தனவாம்.

ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சாவோ தோமே தீவிலும், போர்ச்சுகீசியர் வழியாகச் சென்ற சார்லிமேன் நாடகம் இன்றும் திறந்த வெளியில் ஆடப்படுகிறது. அங்கே அதன் மொழி போர்ச்சுகீசியம். கொச்சிக் கரையிலோ, பழைய சுவடிகளின் மொழி பெரிதும் தமிழ்!

இதில் வியப்பில்லை. தமிழில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் 1578இல் வெளிவந்தது கொல்லத்தில்தான். மலையாளக் கரையிலும் கிறித்தவ நூல்களுக்குத் தமிழ் அன்று பயன்பட்டது. காறல்மான் நாடகத்தை இயற்றியவர் தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழி வரும் செய்தி. ‘அண்ணாவி’ என்ற பெயரே சான்று போல நிற்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பயிற்றுபவரை இன்றும் அண்ணாவியார் என்றே அழைக்கிறார்கள். நம் தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரனும் சவிட்டு நாடகத்தில் தோன்றுகிறான்.

இக்கலையை ஆராய்ந்து சபீனா ராபி அம்மையார் 1964இல் நூல் வெளியிட்டார். 2013இல் கேரளப் பள்ளிக் கலைவிழாவிலும் இதற்கு இடம் கிடைத்தது. கலை பிழைத்துக்கொண்டது, மகிழ்ச்சியே. எனினும் அதன் மொழி தேய்கிறது. பழைய பாடல்களை மனப்பாடம் செய்து பாடுவோர் பலருக்கு அவற்றின் பொருள் தெளிவாக விளங்குவதில்லை. ஆகவே எளிய மலையாளத்தில் புதிய பாடல்கள் எழுதப்படுகின்றன. கேட்பவருக்கு விளங்க வேண்டும் என்ற அந்த நோக்கத்தை யாரும் குறைகூற இயலாது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு தயக்கம் எழுகிறது. பொருளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லலாம். ஆனால் குறிலும் நெடிலும் பார்த்து அமைந்த காலடியை எப்படிக் கொண்டு செல்வது? சொல் மாறினால் சந்தம் மாறும். சந்தம் மாறினால் மிதியும் மாறும். ஆதலால் புதிய பாடல்கள் ஒருபுறம் வளரட்டும். பழைய சுவடிகளைப் படியெடுத்துப் பொருள் விளக்கத்துடன் காக்கும் பணி மறுபுறம் நடக்கட்டும். தமிழும் மலையாளமும் அறிந்தோர் கூடிச் செய்ய வேண்டிய பணி அது.

கொச்சிக்குச் செல்லும் நேயர்கள், அங்கே ஓர் இரவு பலகை மேடை அதிர்வதைக் கேட்டால் சற்றே நின்று கேளுங்கள். அயல்நாட்டு வேந்தனின் வாயிலிருந்து நம் மொழி ஒலிக்கக்கூடும்.