பழைய சூளையும் வெள்ளச் சுவடும்

மண்ணை வனையச் சக்கரம் போதும். அதைப் பாண்டமாக்க நெருப்பு வேண்டும். விறகும் வைக்கோலும் வராட்டியும் அடுக்கிச் சுடும் கிராமத்து முறை, வீடுகள் நெருங்கிய புறநகரில் இயலாது. எனவே, சிறிய அளவில் மட்பாண்டத் தொழில் தொடங்க விரும்புவோர் மின்சூளையை நாடுகின்றனர். புதிய சூளையின் விலை மலைக்க வைக்கும்போது, பழையதை வாங்கும் எண்ணம் எழுவது இயல்பே.

பழைய சூளை எங்கு வாங்கினாலும் சோதித்துத்தான் வாங்க வேண்டும். ஆனால், பள்ளிக்கரணைவாசியான நான், எங்கள் பகுதியில் அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பர் மிக்ஜம் புயலின்போதும் இந்தச் சூளை எங்கே இருந்தது? தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகவே வெளியேற வேண்டும். தரைத்தளத்தில் இருந்த எந்த இயந்திரமும் இங்கே ஐயத்துக்கு உரியதே.

சூளையின் உட்சுவரில் உள்ள வெப்பக்காப்புச் செங்கல் எடை குறைந்தது, நுண்துளைகள் நிறைந்தது. அது நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சும். மேற்பரப்பு உலர்ந்தாலும் உள்ளே ஈரம் தங்கும். அந்நிலையில் வேகமாகச் சூடேற்றினால் நீராவி வெளியேற வழியின்றிச் செங்கல் வெடிக்கக்கூடும். வெளிக்கூட்டில் மின்சாரம் கசியும் ஆபத்தும் உண்டு. வெளித்தகட்டில் ஒரே உயரத்தில் ஓடும் துருக்கோடு, திருகுகளின் இடுக்கில் படிந்த வண்டல், பச்சை பூத்த மின் இணைப்புகள், கீழ்ப்பகுதியில் மட்டும் பூசிய புது வண்ணம் ஆகியவை வெள்ளத்தின் சுவடுகள். இவை தென்பட்டால், உடனே இயக்கிக் காட்டச் சொல்லக் கூடாது. மின்பணியாளர் மெக்கர் கருவியால் மின்கசிவைச் சோதித்த பின்னர், கதவைச் சற்றே திறந்து வைத்து, 100 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும்.

அடுத்து, வெப்பச்சுருள்கள். பயன்படுத்தப் பயன்படுத்த இவற்றின் மின்தடை கூடும், திறன் குறையும். 230 வோல்ட்டில் 6 கிலோவாட் சூளையின் மொத்த மின்தடை சுமார் 8.8 ஓம் இருக்க வேண்டும். மல்ட்டிமீட்டர் 9.7 ஓம் காட்டினால், கிடைக்கும் திறன் ஏறத்தாழ 5.4 கிலோவாட்தான். சுடுமண் பொருள்களுக்குத் தேவையான 1,000 டிகிரியை அது எட்டலாம். கற்களிமண் பாண்டங்களுக்கான 1,200 டிகிரிக்குமேல் ஏறத் திணறும். மாற்றுச் சுருள்களின் விலையைக் கழித்தே பேரம் பேச வேண்டும். ஒருமுறை சூடேறிய இரும்பு-குரோமியம்-அலுமினியச் சுருள், ஆறிய நிலையில் எளிதில் ஒடியும் என்பதால், வண்டியில் ஏற்றும்போதும் கவனம் தேவை.

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது. சோதனைச் சூட்டின்போது மேல், நடு, கீழ் என மூன்று தட்டுகளிலும் சூளைக்கூம்புகளை வைக்கலாம். மூன்றும் ஒரே அளவில் வளைந்தால் வெப்பம் சீராகப் பரவுகிறது எனக் கொள்ளலாம். தட்டுகளை விரலால் தட்டும்போது மந்தமான ஒலி எழுந்தால், விரிசல் இருக்கக்கூடும்.

உட்சுவரில் பீங்கான் இழைப்போர்வை இருந்து, அது பொடியாக உதிர்ந்தால் ஒதுக்கிவிடுவதே நல்லது. அத்தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கும். மிகப் பழைய சூளைகளின் கதவு இடுக்குகளில் கல்நார்க் கயிறும் இருக்கலாம்.

இறுதியாக, வீட்டின் மின் இணைப்பு. 6 கிலோவாட் சூளை ஒரு முனையில் ஏறத்தாழ 26 ஆம்பியர் இழுக்கும். சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. தனிக் கம்பி, உரிய எம்.சி.பி., மின்கசிவுத் தடுப்பான், நல்ல எர்த் ஆகியவை வேண்டும். மும்முனைச் சூளையானால் மும்முனை இணைப்பும், கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரிய அனுமதியும் தேவைப்படும். இச்செலவுகள் சேர்ந்ததே சூளையின் உண்மை விலை.

இவ்வளவையும் வாங்குபவரே கண்டறிய வேண்டும் என்பது நியாயமன்று. எத்தனை முறை, எந்த வெப்பம் வரை சுடப்பட்டது, சுருள்கள் எப்போது மாற்றப்பட்டன, வெள்ளநீர் புகுந்ததா என்பவற்றை விற்பவர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது வழக்கமாக வேண்டும். பழைய கார் வாங்கும்போது பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்கிறோம். ஆயிரம் டிகிரியில் மின்சாரத்தோடு இயங்கும் கருவிக்கு அதைக் கேட்பது மிகையாகாது. தர மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதிருப்பதே பாதுகாப்பு.