மருந்துக்கு மசியாத க்ஷயம்

மும்பை முலுண்டில் மின்சார ரயிலேறித் தாதர் நோக்கிப் போகிறவர்கள் நாள்தோறும் கடக்கும் சயான் ஸ்டேஷனை ஒட்டிக் கிடக்கும் தாராவியில், தனியார் டாக்டர்கள் நூறு பேரிடம் க்ஷயரோகத்துக்கு மருந்துச் சீட்டு எழுதச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 1991-இல் வெளியாயிற்று. அந்த நூறு பேரும் எண்பது விதமாக எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, மாஹிம் ஹிந்துஜா ஆஸ்பத்திரி டாக்டர் ஜரீர் உட்வாடியாவின் குழுவினர் அங்கேயே 106 பேருக்கு அதே பரீட்சையை வைத்தபோது, சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். மருந்து கேட்காத டி.பி. என்றதும், “மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டான்” என்று நோயாளியின் தலையில் பழியைப் போட்டுவிடுகிற நமக்கு, இந்த ஆறு சற்று உறுத்த வேண்டும்.

கிருமி மருந்துக்குப் பழகிப்போகிறது என்பது வெறும் பேச்சுவழக்கு. புண்பட்டுக் குழிவிழுந்த நுரையீரலில் கோடிக்கணக்காய்ப் பெருகிய கிருமிகளுள், ஐசோனியாசிட் என்ற க்ஷய மருந்துக்கு அடங்காதது சுமார் பத்து லட்சத்துக்கு ஒன்றும், ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அடங்காதது சுமார் பத்துக் கோடிக்கு ஒன்றுமாக, மருந்து உள்ளே போவதற்கு முன்பே தற்செயலாகத் தோன்றிவிடுகின்றன. இரண்டுக்கும் ஒருங்கே அடங்காதது பிறப்பது அநேகமாய் அசம்பவம். மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் யுக்தி அதனால்தான். சீட்டில் ஒன்று விட்டுப்போனாலும், அளவு குறைந்தாலும், இரண்டாம் மாதம் காய்ச்சல் தணிந்து உடம்பு தேறியதும் கூலி போகிறதே என்று வேலைக்கோ, கோயில் கொடைக்கென்று சொந்த ஊரான திருநெல்வேலிக்கோ போனவர் மாத்திரையை மறந்தாலும், அடங்குகிறவை மடிந்து அடங்காததன் சந்ததியே அவ்விடத்தை நிரப்புகிறது.

அக்கிருமி இருமலோடு வெளியேறிவிட்டால், அதை ஏற்கிறவர் ஒரு மாத்திரையும் தொட்டறியாதவராகவே இருக்கலாம். குடிசைவாசிகளைக் குடியேற்றிய கோவண்டி நட்வர் பாரேக் காம்பவுண்டில், அடுக்குமாடிகளுக்கிடையே மூன்று மீட்டர்தான் இடைவெளி. வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்மாடிகளில் க்ஷயம் மிகுதி என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. வெயில் பட்டால் மாண்டுபோகும் கிருமிக்குச் சர்க்காரே நிழல் கட்டிக் கொடுத்தாற்போல் ஆயிற்று.

மருந்துக்கு அடங்காத க்ஷயத்தின் சிகிச்சையோ நோயினும் கொடிதாக இருந்தது. மும்பைவாசி நந்திதா வெங்கடேசன் க்ஷயத்துக்குப் போட்ட கானமைசின் ஊசியால் 2013-இல் செவிப்புலனை இழந்தார். ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய பெடாகுவிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்க, முலுண்டுக்காரர்களுக்குப் பவுடர் தொழிற்சாலையால் பரிச்சயமான ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி விண்ணப்பித்தபோது, அதே கதிக்கு ஆளான தென்னாப்பிரிக்கப் பெண்மணி ஃபுமெஸா டிசிலேயுடன் சேர்ந்து அவர் ஆட்சேபம் தாக்கல் செய்தார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவ்வாண்டு ஜூலையில் மூலக் காப்புரிமையும் முடிந்ததால், அம்மாத்திரையைப் பிற கம்பெனிகளும் செய்து விற்க வழி பிறந்தது.